மூடியைப் பற்றி ஒரு குறிப்பு

1

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவில்லை. கண்டியில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், வீட்டுக்கு உதவும் குறிப்பாக அரைப் பக்கம் கேட்டார். சூடு காக்கும் கோப்பையை வீட்டுப் பொருட்களைக் கொண்டே செய்துகொள்வது எப்படி என்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். தொடக்கம் இப்படி வந்தது:

"முதலில் ஓர் எனாமல் கோப்பையையும், அதைவிடச் சற்றுப் பெரிய..."

அதற்குமேல் பேனா நகரவில்லை. கோப்பை என்று எழுதியதும் றமீஸா கண்முன் வந்து நின்றுவிட்டாள். (பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் பொய் சொல்வது சுலபமாகிவிடும்.)

2

சென்ற மார்கழி. மலேரியா ஊர் ஊராக ஆட்களைக் கிடத்திக்கொண்டிருந்தது. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நான், குருநாகலுக்குப் போய்க் காய்ச்சலை வாங்கி வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் அலவத்துகொட பாக்கு வியாபாரி ஸெய்னுலாப்தீன். றமீஸா அவர் மனைவி.

நோன்பு மாதம். நோன்பு பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனிதர் பகலில் எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரே நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக் கஞ்சி வேண்டும், அதுவும் ஆவி பறக்க வேண்டும். கொயினா மருந்தால் கசந்த வாயில் ஆறிய கஞ்சி இறங்கவில்லை. ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

றமீஸா அம்பிட்டியவில் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் வந்து கோப்பையை எடுத்துப்போய், மாலையில் கஞ்சியோடு வருவாள். ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிந்து அவள் வெளியேற வேண்டும். நோன்பு திறக்கச் சொல்லும் பாங்கு ஆறுக்கு மேல். அதனால் கோப்பை என் கைக்கு வந்தது.

"மாஸ்டர், பாங்கு சொன்னொடனே இவருக்குக் குடுங்க. சூடு இரிக்கா எண்டு பாத்துட்டுக் குடுங்க."

"நீங்க பயப்படாம போங்கம்மா. நான் இருக்கேன்ல."

3

(குறிப்பு வேண்டுபவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.)

முதல் நாள் கோப்பையைச் சுற்றி வெறும் துணிதான். இரண்டாம் நாள் அதைப் பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி, இடைவெளியில் இலவம் பஞ்சு திணித்திருந்தாள்.* மூன்றாம் நாள் டின்னின் உட்புறம் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் பளபளத்தது. கஞ்சி ஊற்றுமுன் கோப்பையைக் கொதிநீரில் அலசியதாகவும் சொன்னாள். நான்காம் நாள் பலாப் பலகையில் மூடி, அதன் அடியில் கம்பளித் துண்டு.

நான்கு மாலையும் ஸெய்னுலாப்தீன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"ஆறிப்போச்சு மாஸ்டர். அவக்கிட்டச் சொல்லாதீங்க."

சொல்லவே தேவையில்லை. காலையில் மீந்த கஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்ட கையிலதான் ஏதோ கொற இரிக்கி" என்பாள்.

* அவளுடைய தலையணைப் பஞ்சு. எனக்கு இது பிறகுதான் தெரியும்.

4

இந்த இடத்தில் பல வாக்கியங்களை அடித்துவிட்டேன். அடித்தவற்றையும் தருகிறேன்.

"மூடி சரியாக இறுகாததால்..." இல்லை.

"மார்கழிக் குளிர் காரணமாக..." அதுவும் இல்லை.

நான்தான் திறந்தேன். சூடு இருக்கிறதா பார்த்துக் கொடுக்கச் சொன்னாள் அல்லவா, பார்த்தேன். ஐந்தேகாலுக்கு ஒரு தடவை, ஐந்தரைக்கு ஒரு தடவை, பிறகு சந்தேகம் வந்து இன்னும் இரண்டு தடவை. கரண்டி விட்டுக் கிண்டியும் பார்த்தேன். பிள்ளை போட்ட கணக்கை நம்பாமல் தானும் கூட்டிப் பார்க்கிற வாத்தியார் புத்தி. நான்காம் நாள் இரவுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் டின்னைச் சுற்றி, அவள் கல்யாணத்துக்கு வந்த கம்பளிச் சால்வை, வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. அன்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாங்கு கேட்டபின் மூடியை எடுத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஸெய்னுலாப்தீன் பிஸ்மி சொல்லி, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இதுதான் ஊட்டுக் கஞ்சி" என்றார்.

5

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: பெருநாளன்று அவர் புதுச் சாரம் உடுத்தி அலவத்துகொட பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார், வழியில்... கிழித்துப் போட்டேன்.

மறுநாள் விடியுமுன் அவர் மூச்சு நின்று மவுத்தாகிவிட்டார். ஒரு கோப்பைக் கஞ்சியால் நிறுத்தக்கூடிய காய்ச்சல் அல்ல என்றார் டாக்டர். பகலில் நான் அதை நம்புகிறேன்.

றமீஸா வந்து, காலியான கோப்பையின் அடியை வெகுநேரம் பார்த்தாள்.

"மொத நாளே இந்தச் சால்வையச் சுத்தியிருந்தா மனுசன் பொழச்சிருப்பார் மாஸ்டர். அழகு பாத்து வெச்சிருந்தேன்."

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

6

நண்பர் இதைக் குறிப்பு என்று போடுவாரோ, கதை என்று போடுவாரோ தெரியாது. றமீஸாவுக்கு வாசிக்கத் தெரியாது. அலவத்துகொடவில் யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு.

அந்த யாரோ நீங்களாக இருந்தால், மூன்றாம் பகுதிவரை தயங்காமல் படியுங்கள். அது அவள் கைவேலை. நான்காவதைப் படித்தால், முதல் நாளிலிருந்தே அவள் கஞ்சி சூடாகத்தான் வந்தது என்று தெரிந்துகொள்வாள். யார் அதை ஆற வைத்தது என்றும் தெரிந்துகொள்வாள். அது ஆறுதலா, இன்னொரு பாரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாமல்தான் அச்சில் சொல்கிறேன்.

இப்போது மூன்றாம் பகுதி முடிந்திருக்கிறது. நீங்கள் படித்துக் காட்டுவதை நிறுத்தியதும் றமீஸா நிமிர்ந்து பார்க்கிறாள்.

"அதுக்குப் பொறகு என்ன எழுதியிரிக்கி?" என்று கேட்கிறாள்.