ஏற்றி வைத்த சுருதி

பெரியவளுக்குப் பொறாமை வரும் என்று அந்தச் சபையில் சத்தியம் செய்து சொன்னாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பதினேழு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவள், பாடகர் குழுவை நடத்துகிறவள். ஆராதனையில் அவள் கண்ணை மூடிப் பாடினால் நாலு பேர் கைக்குட்டையைத் தேடுவார்கள். அவளுக்கு என்ன குறைச்சல்? ஆனாலும் வந்தது. அதுவும் யார் மேல்? சொந்த ஓரகத்தி மேல், கொழுந்தன் பெண்டாட்டி மேல், சுருதி எது தாளம் எது என்றே தெரியாத சின்னவள் மேல். வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துணி திருடு போகிறதாம். அதனால் வேலை நேரம் முழுக்க வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். போன மாதம் நீராவிக் குழாய் வெடித்து, தாழ்ப்பாளைத் திறக்க ஆள் ஓடி வருவதற்குள் ஒருத்திக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அதற்கப்புறமும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். மனுஷத்தனம் வேண்டாமா?

பாஸ்டர் கொதித்துப்போனார். "மத்தியான ஷிப்ட் மாறும்போது வாசல்ல நின்னு பாடுவோம். வெளிய வர்றவங்க, உள்ள போறவங்க எல்லாரும் சேர்ந்து பாடட்டும். நூறு பேர் ஒரே குரலாக் கேட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார். அந்தப் பாட்டைச் சபையே சேர்ந்து எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அங்கேதான் வந்தது வினை. அதுவரை சபையில் புதுப் பாட்டு என்றால் பெரியவள் எழுதியதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் பள்ளி அறையில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் வரி சொல்லலாம். பலகையில் எழுதி, பாடிப் பார்த்து, போகும்போது துடைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் ஜனங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறதோ அதுதான் பாட்டில் நிற்கும். மறந்தது போனது போனதுதான்.

பெரியவள் முதல் வாரம் "சிறையிருப்பைத் தகர்த்தெறியும் சீர்மிகு தேவா" என்று ஒரு வரி கொடுத்தாள். ராத்தூக்கம் கெட்டு எழுதிய வரி. மறு வாரம் பெட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தேவான்னு முடியும்மா. முன்னாடி என்னமோ நீளமா வந்துச்சு" என்றார். சின்னவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு வேர்க்குது ஆண்டவரே, கதவைத் திறந்து விடுங்க" என்று சும்மா பேசுகிற மாதிரி இழுத்துச் சொன்னதை, காது மந்தமான கோயில் காவல்காரர்கூட முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

நாலு சனிக்கிழமை முடிந்தபோது பாட்டில் பதினோரு வரி நின்றது. அதில் ஆறு சின்னவளுடையது. பெரியவளுடையது ஒன்றுகூட இல்லை. மெட்டும் சின்னவள் இழுத்த இழுப்பிலேயே வந்துவிட்டது. வீட்டில் பெரியவளின் புருஷன் முகம் கழுவும்போது அதையே பாடிவிட்டு, "நல்லாருக்குல்ல?" என்று வேறு கேட்டான். "ஆமா, ரொம்ப நல்லாருக்கு" என்று தட்டை ணங்கென்று வைத்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

அடுத்த சனிக்கிழமை, கடைசி ஒத்திகையில் பாஸ்டர், "உங்க வீட்டுச் சின்னவங்களே எடுத்துக் கொடுக்கட்டும். அங்க வேலை செய்றவங்களுக்கு அவங்களைத் தெரியும். நீங்க வாசிங்கம்மா, போதும்" என்றார். போதுமாம். பெரியவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உள்ளே பற்றி எரிந்தது.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. யாரும் பார்க்காதபோது அதை அமுக்கி ரெண்டு கட்டை ஏற்றி வைத்தாள். மூன்றாவது வரி மேலே ஏறுகிற இடம். பழகின தொண்டைக்கு எட்டும். நாள் முழுக்க நீராவியைக் குடிக்கிற தொண்டைக்கு எட்டாது. நாலு பேர் முன்னால் இவள் திணறட்டும், அப்போது பாஸ்டர் நம்மைத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டாள். அன்றைக்கே சின்னவளுக்குக் குரல் பிசிறடித்தது. சுருதி விஷயத்தில் பாஸ்டர் சுத்த ஞானசூனியம். "வாசல்ல போய் நின்னா ஆவேசம் வந்துடும், தானா எட்டிடும்" என்று ஜெபம் செய்து அனுப்பிவிட்டார்.

குறித்த நாளில் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சலவைக்கூட வாசலில் கூடினார்கள். வேலை முடிந்து வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கையில் கட்டுப் போட்டவள் என்று நல்ல கூட்டம். ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்ட் படியில் வந்து நின்றார். பெரியவள் மடக்கு மேஜையில் கீபோர்டை வைத்து, அதே ரெண்டு கட்டை ஏற்றத்திலேயே வாசிக்க, சின்னவள் எடுத்தாள். ரெண்டு வரி கூட்டமே முழங்கியது. மூன்றாவது வரியில் சின்னவளின் குரல் உடைந்தது. அவளுக்கு மட்டுமா? ஒவ்வொருத்தராகக் கத்திப் பார்த்து, இருமி, விட்டுவிட்டார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பாட்டு நின்றுபோயிற்று.

பாஸ்டர் பதறிப்போய்த் திரும்பினார். "நீங்க எடுங்கம்மா."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பிசிறில்லாமல், இழைத்து இழைத்து, பதினோரு வரியும் பாடினாள். எங்களுக்கு வேர்க்குது என்பதைப் பவுடர் போட்ட முகத்தோடு பாடினாள். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், ஒருத்தர் வாயும் அசைந்திருக்கவில்லை என்று தெரிந்தது. கச்சேரி கேட்கிற மாதிரி எல்லாரும் தலையைச் சாய்த்து நின்றிருந்தார்கள். கையில் கட்டுப் போட்டவளும் அப்படித்தான் நின்றிருந்தாள்.

சூப்பிரண்டெண்ட் கை தட்டினார். "அருமையான குரல்மா உங்களுக்கு. கண்ணே கலங்கிடுச்சு. எங்க ஆண்டு விழாவுக்கு நீங்கதான் வந்து பாடணும்" என்றார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, நேரமாச்சு, ஷிப்டுக்கு உள்ள போங்க எல்லாரும்" என்றார். தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்க வந்தவர்களுக்கும் வாய் வரவில்லை. பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள்.

பெரியவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. அந்தக் கைதட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றைக்குச் சின்னவளுக்கும் மத்தியான ஷிப்டுதான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நில்லுடி. ரெண்டு கட்டை ஏத்தி வச்சது நான்தான்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன்டி வாயைத் திறக்கல?"

"சனிக்கிழமையே தொண்டைக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்கு அசிங்கம்னு விட்டுட்டேன்." சின்னவளின் குரல் கரகரத்தது. "இங்க வந்து இவங்களையெல்லாம் பார்த்தா நீங்களே இறக்கிடுவீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள். கடைசியாக உள்ளே போனது அவள்தான். அவள் பின்னாலேயே ஆள் வந்து கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டான்.