மஞ்சள் அடைப்பான்

மொராக்கின் வலதுகை மோதிர விரல் இப்போதெல்லாம் யார் பேச்சையும் கேட்பதில்லை. முப்பத்தெட்டு வருஷம் கேட்டு நடந்த விரல்தான். வின்டன் ஊர் பேக்பைப் குழுவில் அவள் ஊதாத அணிவகுப்பு கிடையாது. அறுபத்தாறு வயதில் கணுக்கள் புடைத்து, ஜாம் பாட்டிலைத் திறக்கக் கணவன் வெர்னைக் கூப்பிடும் நிலைமை வந்தது. மூட்டுவாதம் என்று சொன்ன டாக்டர், தோட்ட வேலையைக் குறைக்கச் சொன்னார். பைப்பைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை.

கக்கத்தில் பையை இடுக்கி ஊதும் பேக்பைப்பில் ஒரு தொல்லை உண்டு. அதைச் சத்தம் குறைத்து வாசிக்கவே முடியாது. ஒரு விரல் தாமதமாக எழுந்தால் அந்தப் பிசிறு தெருக்கோடி வரை கேட்கும். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் மொராக்கின் பிசிறு கேட்டது. கூட்டத்தில் ஒரு நாய் அதற்குப் பதில் சொன்னதாக வெர்ன் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவை விட்டு நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கிடந்தாள். வியாழக்கிழமை ஒத்திகை இல்லாத ஒரு வாரத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நல்லவேளை, யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஜனவரியில் பேண்ட் மாஸ்டர் லாக்லன், அவள் கைக்குத் தோதாக லேசான சீவாளி மாட்டியிருப்பதாகச் சொல்லிப் பைப்பைக் கொடுத்தான். லாக்லனுக்கு ஊருக்கு வெளியே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பேச்சு குறைவு, காது கூர்மை. பைப்புகள் எல்லாம் குழுவின் கூடத்தில்தான் கிடக்கும். ஊதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அவனே வாங்கிச் சுருதி சேர்த்துத் தருவான். வேறு யாராவது தொட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அன்றிலிருந்து அதிசயம்தான். ஊத லேசாக இருந்தது, பாட்டு சுத்தமாக வந்தது. ஆறு பைப்புகள் ஒரே பாட்டை ஒரே உயரத்தில் கத்தும்போது தன் குழல் எது என்று பிரித்துக் கேட்பது கஷ்டம்; பிசிறு விழுந்தால்தான் தெரியும். பிப்ரவரி விவசாயக் கண்காட்சியில் மைதானத்தைச் சுற்றி வந்தபோது ஒரு பிசிறும் விழவில்லை. வாழ்நாளில் இப்படி வாசித்ததில்லை என்று மொராக் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

வீட்டில்தான் குழப்பம். அங்கே வைத்திருந்த சின்னப் பயிற்சிக் குழலில் அதே பாட்டை வாசித்தால் மூன்றாம் அடியிலேயே விரல் மாட்டிக்கொண்டது. வியாழன் கூடத்தில் சுத்தம், வெள்ளி வீட்டில் குப்பை. குழலில் கோளாறோ என்று வேறு குழல் வாங்கிப் பார்த்தாள். காதுதான் கெட்டுவிட்டதோ என்று காதைச் சோதித்துக்கொண்டாள். அது ஜோராக இருந்தது.

"நாலு பேர் கூட நின்னாத்தான் உன் விரலுக்கு வேலை ஓடும் போல. உன் அண்ணன் மாதிரி" என்றான் வெர்ன்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டத்தோடு நின்றால் விரல் குணமாகிறது. நம்ப ஆசையாக இருந்தது, நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான், முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் ஃபோன் செய்தபோது சரி என்று சொன்னாள். ஏப்ரலில், போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாளன்று, நினைவுத்தூண் அருகே தனியாக நின்று இரங்கல் பாட்டு வாசிக்க வேண்டுமாம். அவள் தாத்தாவின் தம்பி பெயர் அந்தத் தூணில் மூன்றாவதாக இருக்கிறது. அங்கே வாசிக்க அவளுக்குப் பல வருஷத்து ஆசை.

தனிப்பாட்டு என்பதால், லாக்லன் இல்லாத நேரத்தில் பைப்பை வீட்டுக்கு எடுத்து வந்தாள். கொட்டகையில் நின்று பையை ஊதி நிரப்பினாள். தோளில் சாய்ந்த மூன்று ஒத்துக்குழல்களும் ரீங்கரித்தன. பாட்டுக்குழலில் விரல் வைத்தாள். பாட்டு வரவில்லை. விரலை மாற்றினாள், எல்லா விரலையும் எடுத்தாள். ஒத்து மட்டும் விடாமல் ஓடியது.

பாட்டுக்குழலைக் கழற்றிப் பார்த்தாள். பையிலிருந்து அதற்குக் காற்று வரும் வழியில், கறுப்பு டேப் சுற்றிய மஞ்சள் பஞ்சு ஒன்று இறுக்கமாக அடைத்திருந்தது. இறைச்சித் தொழிற்சாலைக்காரர்கள் இரைச்சலுக்குப் பயந்து காதில் வைத்துக்கொள்கிற அடைப்பான். லாக்லன் சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு கிடக்கும்.

கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் அழுதது யார் வாசித்ததற்கு?

வியாழனன்று சீக்கிரமே போனாள். லாக்லன் தனியாக நின்று எல்லோருக்கும் சீஸ் ரோல் சுட்டுக்கொண்டிருந்தான். அடைப்பானை அவன் முன்னால் மேஜையில் வைத்தாள். அவன் காது சிவந்தது.

"எப்போலேருந்து?"

"ஜனவரி."

"லேசான சீவாளின்னு சொன்னியே."

"உங்ககிட்டச் சொல்ல வாய் வரல, மொராக். பேண்ட் போட்டியில சேர ஆறு பேர் வேணும், அது உண்மைதான். ஆனா அதுக்காக மட்டும் செய்யல. நீங்க இல்லாம இந்தக் கூடத்துல எனக்கே..." அவன் ஒரு ரோலைத் திருப்பிப் போட்டான். "தப்புதான்."

"கண்காட்சியில நான் ஒரு சுரங்கூட ஊதலையா?"

"ஊதல."

"என் விரல் வாசிச்சுதே, லாக்லன். எனக்குத் தெரிஞ்சுதே."

தனிப்பாட்டு என்ன ஆகும் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நீயே வாசி, செயலாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, கருகுவதற்குள் ரோலை எடுக்கச் சொன்னாள். அடைப்பானை அவள் திரும்பக் கொடுக்கவில்லை.

ஆன்சாக் நாளில் லாக்லன் தூணருகே வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான், அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு குழு அணிவகுப்புக்கு வரிசை கட்டியது. ஒவ்வொரு பைப்பாக வாங்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே வந்தவன், மொராக் முன்னால் வந்ததும் கையை நீட்டுவதா வேண்டாமா என்று நின்றான். அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. இல்லையென்றால் பிசிறை ஊரே கேட்கும்.

"போட்டாச்சு" என்றாள் மொராக். "நானே போட்டேன்."

டிரம் முழங்கியது. பாட்டு ஒரு பிசிறில்லாமல் எழும்பியது. மோதிர விரல் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது, பாட்டு மாட்டவில்லை. தன் குழலிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று இந்த முறை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்காட்சியில் வந்த அதே சந்தோஷம், பாட்டின் அதே இடத்தில் வந்தது. அது யாருடைய சந்தோஷம் என்று விளங்காமல், காலடி தப்பாமல், அவள் நடந்தாள்.