வெற்று மணல்

"மேடம், நீங்க சொல்ற ஊரு போன்ல காட்டவே மாட்டேங்குது" என்றான் பிரிட்டோ. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஆம்புலன்ஸை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பேசியைப் பின்பக்கமாக நீட்டினான்.

அஞ்சலி அதை வாங்கவில்லை. ஒரு கையால் ஸ்ட்ரெச்சரின் கம்பியையும் மறு கையால் அப்பாவின் தலையையும் பிடித்திருந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"கோவளம் தாண்டிப் போங்க. நான் வழி சொல்றேன்."

தாம்பரத்தில் விடிகாலையில் உயிர் போயிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதற்கு முன் ஒரு வாரம் அஸ்தினாபுரத்தில் அவள் வாடகைக்கு இருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதால் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். அவள் மேடவாக்கம் அலுவலகத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் "துன்னியாம்மா?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்டதில்லை. அவர் கேட்டுவிடுவாரோ என்று அந்தப் பதினாறு நாளும் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

அம்மா காந்தா எதிர் இருக்கையில் அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியையே பார்த்தபடி வந்தாள்.

கைப்பேசி அடித்தது. தம்பி சக்தி. காலையிலிருந்து அவர்களுடைய மீனவக் குப்பத்தில் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு பேஜார் ஆயிடுச்சி. பொதைக்கிற எடத்துக்குப் போற வழிய தகரம் வச்சி அடச்சிகிறானுங்க. போன வாரமே அடிச்சிட்டானுங்க. நைனா படுத்துகினு இருக்கச் சொல்ல உன்னாண்ட சொல்ல வேணாம்னு வுட்டேன்."

"யாரு?"

"வேற யாரு, பைப்புக்காரந்தான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சலி ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கச்சா எண்ணெயைக் கரைக்குக் கொண்டுவரும் குழாய் அது. அலைக்கடியில் வந்து, குப்பத்து மணலைக் குறுக்கே வெட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால் கட்டப்போகும் தொட்டிகளுக்குப் போகும். அந்த நிலத்தை அளந்து அறிக்கை தரும் வேலை அவளுடைய நிறுவனத்துக்குக் கிடைத்தது. குப்பத்திலிருந்து இன்ஜினியரிங் படித்த முதல் பெண் அவள். மேலாளர் கேஷவ், "உங்க ஏரியாதானே? நீங்களே போயிடுங்க, அஞ்சலி" என்று அனுப்பினார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டு நாள் அப்பா அவளோடு மணலில் நடந்தார். அவள் கையில் இடம் குறிக்கும் கருவி. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். "இது வலை காய வைக்கிற எடம். குறிச்சிக்கினியா? இங்கதான் மழைக்காலத்துல போட்டை மேல ஏத்துவோம். இது கருவாட்டு மேடு, பொம்பளைங்க எடம், ஆம்பளைங்க பஞ்சாயத்து இங்க நடக்காது." கடைசியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நின்றார். அங்கே கல்லறை எதுவும் கிடையாது. மணலில் சின்னச் சின்ன மேடுகள், சிலவற்றின் தலைமாட்டில் கள்ளிச்செடி. "எங்கப்பன் இங்க. உங்க அத்தை அங்க. எல்லாத்தையும் போட்டுடு. பட்டா இல்லன்னு சொல்றான், மேப்புல ஏறிட்டா அப்பால எவனும் ஒன்னும் பண்ண முடியாது."

நாற்பத்து மூன்று புள்ளிகள். அவள் எல்லாவற்றையும் போட்டாள்.

கேஷவ் வரைபடத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்கெல்லாம் ரெவின்யூ ரெக்கார்ட் இருக்கா? புறம்போக்குன்னுதான இருக்கு. நாம ரெக்கார்ட்ல இருக்கறதத்தான் காட்டணும். இதோட அனுப்பினா கிளையன்ட் திருப்பி அனுப்பிடுவான். கொஞ்சம் க்ளீன் பண்ணிக் குடுங்களேன்."

அவர் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பிறகு வந்த இரவுகளில் அவளுக்கு அதுதான் உறுத்தியது. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். அவள் சரி சார் என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாற்பத்து மூன்றையும் நீக்கினாள். அந்தப் பகுதிக்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்து 'வெற்று மணல்' என்று பெயர் போட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு நிறுவனத்தாரின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குப்பத்தின் சார்பில் அப்பாதான் மைக் பிடித்தார்.

"பட்டா கீதான்னு கேக்கறீங்க. கடலுக்கு எவன் சார் பட்டா குடுத்தான்? பொறந்ததுலருந்து பொழங்குற எடம், செத்தா பொதைக்கிற எடம். எங்களைக் கேக்காம அதுல எப்டி பள்ளம் தோண்டுவீங்க? நான் வாயால சொல்லல, உங்க மேப்புலயே கீது, தொறந்து பாருங்க. என் பொண்ணுதான் அளந்துச்சி."

அதிகாரி வரைபடத்தைத் திரையில் போடச் சொன்னார். வெளிர்மஞ்சள் விரிந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் கரையின் வளைவு தெரியும். கண்ணைச் சுருக்கி முதலில் வலை காயும் இடத்தைத் தேடினார், பிறகு தோப்புக்குப் பின்னால் பார்த்தார். அப்புறம் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அஞ்சலிக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் தரையில்தான் உட்கார்ந்தாள்.

ஊர்ப் பெரியவர் தேசிங்கு குனிந்து அவள் தலையில் கை வைத்தார். அப்பாவோடு முப்பது வருடம் ஒரே படகில் போனவர்.

"உங்கப்பன் சொன்னாம்மா. நீ ஒழுங்காத்தான் எழுதிக் குட்த்தியாம், கம்பெனிக்காரன் பூந்து அழிச்சிட்டானாம். எம் பொண்ணு மேல எவனாவது வாயத் தொறந்தா நடக்கறதே வேறன்னான். உன்னைச் சொல்லி இன்னாம்மா பண்றது, நீ சம்பளக்காரி."

பக்கத்திலிருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். மீன் செதில் காய்ந்து சொரசொரத்த உள்ளங்கை. அஞ்சலியால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை.

அப்பா இதை அவளிடம் சொல்லவே இல்லை.

இரண்டு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருக்கோடி வரைதான் வரவேண்டும். ஆனால் தெருக்கோடியிலேயே தகரவேலி நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம், நடுவில் பூட்டிய கதவு, பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி. பறை நின்றது. பாடையை மணலில் இறக்கி வைத்தார்கள். வெயில் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது. சக்தி தன் துண்டை விரித்துப் பிடித்து நிழல் கொடுத்தான்.

"மேல இருந்து ஆர்டர் வரணும்ணா" என்றான் காவலாளி. "உள்ள சுடுகாடு எதுவும் இல்லன்னுதான் எனக்குச் சொல்லிருக்காங்க."

எல்லோரும் அஞ்சலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒதுங்கி நின்று கேஷவை அழைத்தாள்.

"ரொம்ப சாரி, அஞ்சலி. அப்பாவுக்கு இப்படி ஆகும்னு நினைக்கவே இல்ல. நான் சைட் ஆபீஸ்ல பேசறேன். ஒன் டைம் பர்மிஷனா கேட்டுக்கலாம், மனிதாபிமான அடிப்படையில. ஆனா அங்க பரியல் கிரவுண்ட் இருக்குன்னு மட்டும் பேச்சுல வரவேண்டாம். நம்ம ரிப்போர்ட்டுக்கே அது எதிரா போயிடும். புரியுதில்ல?"

"புரியுது சார்."

அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. வெள்ளைத் தலைக்கவசம் போட்ட இளம் அதிகாரி இறங்கி, பாடையைப் பார்த்ததும் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கையில் அச்சடித்த தாள். "குடும்பத்துல ஒருத்தர், ஊர்ல ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டா உடனே திறந்துடலாம்."

தேசிங்கு தாளை வாங்கி அப்படியே அஞ்சலியிடம் கொடுத்தார். "இங்கிலீசுல கீது. எல்லாருக்கும் கேக்கறாப்பல படிம்மா."

அவள் கண்ணால் ஒருமுறை ஓட்டினாள். கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் கதவு திறந்துவிடும். பர்மிஷன் குடுக்கிறாங்க என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. ஈக்கள் வரத்தொடங்கியிருந்தன. சக்தி துண்டால் விரட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த எடம் இடுகாடு இல்ல" என்று தமிழில் சொன்னாள். "இந்த எடத்துல ஊர்க்காரங்களுக்கு எந்த உரிமையும் இல்லன்னு ஒத்துக்கறோம். கம்பெனி இரக்கப்பட்டு இந்த ஒரு தடவை மட்டும் அனுமதி குடுக்குது. இனிமே கேக்க மாட்டோம்." கடைசி வரியையும் படித்தாள். "சர்வே அறிக்கைப்படி இது வெற்று மணல்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "எவன்டா அவன் சர்வே பண்ணவன்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "எங்கம்மா உள்ள கீறாங்கடா. கண்ணு அவிஞ்சா பூட்ச்சி அவனுக்கு?"

"படிச்சது போதும்க்கா, குடு" என்று சக்தி அவசரமாகக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

அவளைப் பேசவிடாமல் தேசிங்கு, "நீ போட்டுத்தான் குட்த்த, அத அவனுங்க..." என்று தொடங்கினார்.

"இல்ல பெரியப்பா. அவங்க அழிக்கல. கேட்டாங்க. நான்தான் அழிச்சேன்."

சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது. அவளைத் தடவிக்கொடுத்த பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அழவில்லை.

தேசிங்கு கேட்டார். "உங்கப்பன் பூவராகனுக்குத் தெரியுமா?"

அவள் வாய் திறப்பதற்குள் சக்தி சொன்னான். "தெரியும். அன்னிக்கு மண்டபத்துலருந்து நடந்து வந்துகினு இருக்கச் சொல்லவே என்னாண்ட சொல்லிச்சி. வூட்டுக்குள்ளயே இருக்கட்டும்டான்னுச்சி."

அஞ்சலி தம்பியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் மாலையில் அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தவன். அவன் துண்டை இன்னொரு தோளுக்கு மாற்றிப் பிடித்தான், அவள் பக்கம் திரும்பவில்லை.

தேசிங்கு அவள் கையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்து அதிகாரியிடம் நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டு எங்க வூட்டுக்குள்ள நாங்க போறதில்ல சார். போலீசைக் கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்கோ. பொணம் காயுது." பிறகு இளைஞர்கள் பக்கம் திரும்பி, "தகரத்தக் கழட்டுங்கடா. ஒடைக்காதீங்க, கழட்டி ஓரமா வையுங்க" என்றார்.

அதிகாரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனார். காவலாளி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து நின்றான். படகு எஞ்சின் கழற்றும் ஸ்பேனரால் நான்கு தகரங்களை இறக்கினார்கள். பறை மறுபடி தொடங்கியது. அப்பா அந்த இடைவெளி வழியாகப் போனார்.

தேசிங்கு மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மொதல்ல உங்கப்பனோட அளந்தியே, அது இன்னும் கீதா?"

"இருக்கு பெரியப்பா."

"நாளைக்கு வக்கீல் வருவாரு. எட்த்தாந்து குடு. அழிச்சது யாருன்னும் எழுதிக் குடு."

"தரேன்."

"வேலை பூடும்."

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களைப் பிடிக்க மணலில் வேகமாக நடந்தார்.

பெண்கள் தலை முழுகக் கடலுக்குத் திரும்பினார்கள். அம்மாவை இரண்டு பேர் தாங்கிப் போனார்கள். அஞ்சலி சற்றுப் பின்னால் நடந்தாள். முன்னால் போனவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள், அவள் நெருங்கியதும் நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அலை இழுத்துவிடாமலிருக்க எல்லோரும் கைகோத்து வரிசையாக நீரில் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா நின்றாள். வரிசையின் கடைசிப் பெண்ணிடமிருந்து இரண்டடி தள்ளி அஞ்சலி நின்றாள். காலுக்கடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது. பெரிய அலை ஒன்று எழுந்து வந்தது. பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அவளும் குனிந்தாள்.