பேர் சொல்லாத சாட்சி

ராஜபாளையத்தில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு இன்பம் என்கிற நான்தான் செயலாளர். ஜெபக்குறிப்பு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. போன மார்ச்சில் இப்படி ஒன்று எழுதினேன்: 'பக்கத்து வீட்டுப் போராட்டத்திலிருந்து விடுதலை வேண்டும். சத்துரு வாசலை விட்டு அகல வேண்டும்.' இருபது பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் முழங்கால் போட்டு அதற்காக ஜெபித்தார்கள்.

அந்தச் சத்துரு மாரிச்செல்வி. என் வாஷிங் மெஷின் தண்ணீர் அவள் வாசலில் ஓடி, போட்ட கோலத்தை அழித்துவிட்டது. கேட்க வந்தாள். தப்பு முழுக்க என்னுடையது. அதனாலேயே என் வாய் ரொம்ப நீண்டுவிட்டது. "ஒங்கோலத்துக்காக நான் அழுக்குத் துணியக் கட்டிக்கிட்டுத் திரியணுமாட்டி?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் ஞானராஜ் விழுந்தார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன், சொந்த பைக்கில் போகும்போது மடவார் வளாகம் பக்கம் ஒரு நாய் குறுக்கே வர, சரிந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்தார். தகவல் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே வாசல் பெஞ்சில் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

"பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன் மதினி. ஜன்னல் வழியா அண்ணனப் பாத்துட்டேன். கத்தி பஸ்ஸ நிறுத்தி எறங்கி, ஆட்டோவுல மடியில போட்டுக் கொண்டாந்தேன். உசுருக்கு ஒண்ணும் இல்லையாம். நீங்க உள்ள போங்க" என்றாள்.

போனேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிறு ஆராதனையில், அவர் உயிர் பிழைத்ததைப் பற்றி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டில் படுக்கையில் இருந்தார். நான் மட்டும் போயிருந்தேன். எழுந்து முன்னால் போய் நின்றால், எதிரே அந்த இருபது பெண்கள். மாரிச்செல்வி பேரைச் சொன்னால், நான் எழுதிய குறிப்பு என்ன ஆவது? என் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

"யாரோ தூக்கிட்டு வந்து சேத்துருக்காவ. வெளிய வந்து பாத்தா ஆளையே காணோம்" என்றேன்.

அவ்வளவுதான். "தூதன்!" என்றாள் முன்வரிசையில் இருந்த வின்சி. "அல்லேலூயா!" என்றது சபை. நான் திருத்தவில்லை. பாவி, தலையை வேறு ஆட்டினேன்.

வீட்டில் இன்னும் மோசம். கர்த்தர் செய்த நன்மைகளை அவர் தன் பைபிளின் கடைசி வெள்ளைத் தாள்களில் தேதி போட்டு எழுதி வைப்பார். மகன் ஜெபினுக்கு டைபாய்டு குணமானது, கோடையில் போர்வெல்லில் தண்ணீர் வந்தது, எல்லாம் இருக்கும். காலை ஜெபத்தில் அதில் ஒன்றை வாசித்து நன்றி சொல்லுவார். "நாம மறந்துருவோம்ட்டி, எழுதி வைக்கணும்" என்பார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இந்தத் தடவை என்னை எழுதச் சொன்னார். 'கர்த்தர் தூதனை அனுப்பினார்' என்று என் கையால் எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும், "முகம் தெரியாத அந்த ஆளை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று கண்ணில் தண்ணீர் விட்டு ஜெபித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாரிச்செல்வி பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்கும். நான் ஆமென் சொல்லுவேன்.

போன வாரம் வின்சி ஓடி வந்தாள். "யக்கா, ஜெபம் கேக்கப்பட்டுச்சு பாத்தியளா! ஒங்க பக்கத்து வீட்டுக்காரி வீட்டக் காலி பண்ணிட்டு நாளைக்குத் தளவாய்புரம் போறாளாம். வெள்ளிக்கிழமை ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருவோம்."

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலை ஜெபத்தில் அவர் வழக்கம்போல ஆரம்பித்ததும் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க. தூதனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்களத் தூக்கிட்டு வந்தது பக்கத்து வீட்டு மாரிச்செல்வி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"மூணு மாசமாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பனியனோடு வாசலில் இறங்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

டெம்போவில் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் அவள் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"ஐயோ, என்னண்ணே இது, கைய எறக்குங்க" என்று மாரிச்செல்வி பதறினாள்.

நான் தட்டுத் தடுமாறி, "மாரி, கோயில்ல சாட்சி சொல்லும்போது ஒம்பேர விட்டுட்டேன். ஒனக்கு அது தெரியாது..." என்று இழுத்தேன்.

"தெரியும் மதினி. ஒங்க கோயில் மைக்குல பேசுறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்லா. ஒங்க குரலக் கேட்டதும் மிக்சிய நிறுத்திட்டேன். வீட்டுல அவியளையும் கூப்புட்டு, 'செத்த நேரம் சும்மா இருங்க, மதினி என்னையப் பத்திச் சொல்லப் போறாவ'ன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மன்னிப்புக் கேட்க வார்த்தையைத் தேடி முடிப்பதற்குள் டெம்போ கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம் வேண்டாம் என்று வின்சியிடம் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு நானாகக் கேட்டு எழுந்து முன்னால் போனேன். ஜெபக்குறிப்பு எழுதியது, சாட்சியில் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, மாரிச்செல்வி என்ற பேரை மூன்று தடவை சொன்னேன். தெரு முழுக்க நன்றாகக் கேட்டதாம். அந்த அடுப்படியில்தான் யாரும் இல்லை.