ஆண் பூவின் தூள்

ஆர்லீன் தேநீர் வடிகட்டியின் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டினாள். வெளிறிய மஞ்சள் மகரந்தத் தூள் கண்ணாடி ஜாடிக்குள் இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு தும்மல் போட்டால் இத்தனை நாள் பட்ட பாடும் காற்றோடு போய்விடும். கொட்டகையின் மூலையில் தண்ணீர் வாளிகளில் நிறுத்தியிருந்த கஞ்சாக் கிளைகள் குட்டிக் குட்டி மணிகளாகப் பூத்துத் தொங்கின. எல்லாம் ஆண் பூக்கள். மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்துகொண்டிருந்ததால், கதவிடுக்கில் வந்த ஆகஸ்ட் வெயிலும் புகை படிந்து செம்பழுப்பாக இருந்தது. ஆர்லீன் ஜாடியை மூடி இறுக்கித் திருகினாள். இதை வைத்துக்கொண்டு கர்ட்டிஸ் வீட்டு வாசலில் போய் நின்று சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆண் செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதுதான் அவளுக்கு வேலை. ஆற்றுக்கு அக்கரையில் ஹெம்ப் பண்ணை. ஹெம்ப்பும் கஞ்சாதான், ஆனால் போதை தராத ஜாதி. அதன் பூவிலிருந்து வலிக்கு விட்டுக்கொள்ளும் சிபிடி எண்ணெய் எடுப்பார்கள். வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, ஆணாகத் திரும்பும் செடியை அது பூ விரிப்பதற்குள் வேரோடு பிடுங்கி மூட்டையில் கட்ட வேண்டும். ஓர் ஆண் தப்பினால் போதும், சுற்றிலும் உள்ள பெண் பூக்களெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவில் எண்ணெய் இறங்காது, வாங்கவும் ஆள் வராது. மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்பது பண்ணையின் உத்தரவு. ஆர்லீன் சில மூட்டைகளை மட்டும் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஐம்பத்து நான்கு வயதில் அடுத்தவன் நிலத்தில் முழங்கால் தேயத் தவழ்கிறவளுக்கு அந்த அளவுக்குக்கூட உரிமை இல்லையா என்ன.

தவழ வைத்தவன் கர்ட்டிஸ். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். அவன் வளர்ப்பது மற்ற ஜாதி, டிஎச்சி உள்ளது, தலைக்கு ஏறுவது. இந்த ஊரில் அது சட்டப்படியே நடக்கிறது. பசுமைக்குடில் போட்டு, பூவை விற்று, மீதியில் சமையலறையில் சொட்டு மருந்தும் காய்ச்சுகிறான். ஆர்லீனின் கணவன் டாரல் மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சொந்த லாரி. முதுகு வலியில் அவன் நாற்காலியை விட்டு எழ முடியாமல் தவித்த ஒரு நாள் கர்ட்டிஸ் ஒரு குப்பியோடு வந்தான். "இது வெறும் சிபிடிப்பா. டிஎச்சிதான் மண்டைக்கு ஏறும், இது ஏறாது. நாக்குக்கு அடியில விட்டுக்க, வலி அடங்கும், வண்டியும் ஓட்டலாம்" என்றான். டாரல் விட்டுக்கொண்டான். அடுத்த மாதம் லாரிக்காரர்களில் சிலர் பெயரைக் குலுக்கி எடுத்துச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில் டிஎச்சி வந்தது. ஊரில் கஞ்சா கடையில் விற்கலாம். லாரிக்காரன் உடம்பில் மட்டும் இருக்கக் கூடாது. உரிமம் போயிற்று. பின்னாலேயே லாரியும் போயிற்று.

கர்ட்டிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அழுதான். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன், ஒரே நாளில் ரெண்டையும் காய்ச்சினேன் என்றான். பரிகாரமாக டாரலுக்குத் தன் பசுமைக்குடிலிலேயே வேலை கொடுத்தான், அறுவடையில் பங்கும் தருவதாகச் சொன்னான். டாரலும் வெட்கமில்லாமல் போனான். கிறிஸ்துமஸுக்கு கர்ட்டிஸ் மான் தொடை கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். ஆர்லீன் அதை ஓடைச் சரிவில் வீசினாள். மறுநாள் காக்கைகள் கூடியதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஜாடி தயார். அதை கர்ட்டிஸின் குடிலுக்குள், அவன் பெண் பூக்கள் மேல் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. கர்ட்டிஸ் அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஹெம்ப் பண்ணையில் வேலை செய்கிறவள் என்று ஆர்லீனை வேலிப் பக்கம்கூட அண்ட விடுவதில்லை. டாரல் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் என்பதால், குடிலின் வாசலிலேயே சட்டையையும் பூட்ஸையும் கழற்றி வேறு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆர்லீன் யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டாரல் குடிலுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தான். அவள் அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் குப்பியை எடுத்தாள். சாட்சிக்கென்று அவள் எடுத்து ஒளித்து வைத்தது. பாதி காலியாக இருந்தது. கோபம் ஆறிவிடுமோ என்று தோன்றும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். 'சிபிடி' என்று கர்ட்டிஸின் கோணல் எழுத்து. பண்ணையில் கொடுக்கும் சிபிடியை அவளே முழங்காலுக்காக ஒரு வருஷமாக எடுத்துவருகிறாள். புல்லும் மண்ணும் கலந்த கசப்பு. ஒரு மணி நேரம் கழித்து முழங்கால் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். தலைக்குள் ஒன்றும் நடக்காது. இதன் ருசியும் அதேபோல இருந்திருக்கும், அதனால்தான் டாரல் ஏமாந்திருக்கிறான் பாவம் என்று நினைத்தாள். அந்த ருசியை ஒருமுறை பார்க்காமல் பழி வாங்குவது அரைகுறையாகப் பட்டது. டாரல் விட்டுக்கொள்ளும் அளவுக்கே நாக்கடியில் விட்டுக்கொண்டு, பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள்.

முதலில் வாய் வறண்டது. பிறகு குழாய் சொட்டுவது அவளுக்கு வேடிக்கையாகப் பட்டது. ஒவ்வொரு சொட்டும் விழுவதற்கு முன் ஏதோ யோசிப்பதாகத் தோன்றி, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பசித்தது, ரொட்டியில் பாதியை வெறும் வெண்ணெய் தடவித் தின்றாள். முழங்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் கழித்து மறுபடி பார்த்தாள், முள் நகரவே இல்லை. அதற்கப்புறம் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் படபடப்பின் நடுவில்தான் அந்த விஷயம் அவளுக்கு உறைத்தது.

இதைக் குடித்த எவனும் இதைச் சிபிடி என்று நம்பியிருக்க முடியாது. சின்னக் குழந்தைகூட நம்பாது.

டாரல் வந்தபோது வெளியே வெளிச்சம் இருந்தது. அவள் தெளிந்துவிட்டிருந்தாள், ஆனால் எழவில்லை. குப்பி மேஜை நடுவில் இருந்தது. அவன் குப்பியைப் பார்த்தான், பாதித் தின்ற ரொட்டியைப் பார்த்தான், அவள் கண்ணைப் பார்த்தான்.

"குடிச்சியா?"

"குடிச்சேன். உனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

அவன் நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை. "முதல் நாள் சந்தேகம்தான். ரெண்டாம் நாள் தெரிஞ்சுது."

"அப்புறமும் பாதிக் குப்பி குடிச்சிருக்கே."

"தூங்கினேன் ஆர்லி." அவன் குரல் கெஞ்சியது. "எத்தனையோ வருஷம் கழிச்சு விடிய விடியத் தூங்கினேன். சிபிடி முன்னாடியே கடையில வாங்கிப் பார்த்தவன்தானே நான். அதைக் குடிச்சா முதுகு, சரி பாக்கலாம்னு சொல்லும். இதைக் குடிச்சா முதுகே இருக்காது. எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு, சொல்லு."

"டெஸ்ட் வரும்னு தெரியாதா உனக்கு?"

"என் பேரு வராதுன்னு நெனச்சேன்."

"இதைக் குடிச்சிட்டு மலைச் சரிவுல மரத்தை ஏத்திட்டு இறங்கியிருக்கே."

"ராத்திரிதான் குடிச்சேன். காலையில தெளிவாத்தான் இருப்பேன்." சொல்லிவிட்டு அவனே அதை நம்பாதவனாகக் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"அந்த மனுஷன் இந்த வாசல்ல நின்னு அழுதாரே, டாரல். நான் அவரைக் காறித் துப்பாத குறைதான். நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தே."

"லேபிளை மாத்தி ஒட்டினது அவன்தானே. அது பொய்யா?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "எல்லாம் தன் தப்புன்னு நெனச்சுதான் அவன் வேலை கொடுத்தான். நான் உண்மையைச் சொன்னா வேலையும் போயிரும். அறுவடை முடியட்டும்னு இருந்தேன். பங்கு வந்ததும் உன்னைப் பண்ணைக்குப் போக வேணாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். சத்தியமா."

ஆர்லீன் பீன்ஸை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். தன் கோபம் அத்தனையும் ஒரு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துகொண்டிருந்தது, இவன் இந்தப் பக்கம் நின்று குளிர் காய்ந்திருக்கிறான். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கர்ட்டிஸை அவள் மன்னித்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. பெயர் எழுதி ஒட்டத் தெரியாதவன் மருந்து காய்ச்சக் கூடாது. ஆனால் அவன் இப்போது இரண்டாம் ஆளாகிவிட்டான். முதல் ஆள் எதிரில் நின்று, பீன்ஸ் சூப்பா பண்ணப் போறே என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆமாம் என்றாள்.

காலையில் டாரல் சமையலறை மேஜையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கர்ட்டிஸிடம் வேலைக்குப் போனதிலிருந்து, இந்த ஒரு வருஷமாக அவன் படுக்கை கூடத்து சோபாவில்தான். அவள் விரல்கூட அவன் மேல் பட்டதில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த ஆர்லீன் கைகளை நன்றாகத் துடைத்து ஈரம் போக உலர்த்தினாள். தண்ணீர் பட்டால் அந்தத் தூள் செத்துவிடும். பிறகு ஏப்ரன் பைக்குள் இருந்த ஜாடியைத் திறந்து, உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மெல்லத் தேய்த்தாள். அவனுக்குத் தலையும் தாடியும் சணல் நிறம். அதில் எது படிந்தாலும் தெரியாது. சட்டையையும் பூட்ஸையும் வாசலில் மாற்ற வைக்கலாம். தலையை எதை வைத்து மாற்றுவான் கர்ட்டிஸ்?

கதவு சாத்திய குடிலில், மின்விசிறிக் காற்றில், இவன் நாள் முழுக்கப் பூக்களுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடப்பான். அடுத்த மாதம் பூவைப் பிதுக்கிப் பார்க்கும்போது விரலில் விதை நெருடும். ஹெம்ப் தூசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க கர்ட்டிஸுக்கு நேரமாகாது. அப்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழ வேண்டியவன் டாரல்தான்.

அவள் பின்னால் போய் நின்று அவன் தலைமுடிக்குள் விரல்களை நுழைத்தாள்.

டாரல் திடுக்கிட்டான். காப்பிக் கோப்பை கையில் அசையாமல் நின்றது. அவள் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் கோதிவிட்டாள், காதுகளுக்குப் பின்னால் வருடினாள், தாடிக்குள் விரல்களை அளைந்தாள். அவன் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின.

"மன்னிச்சிட்டியா, ஆர்லி?"

"தலையைக் குனி" என்றாள்.

அவன் கோப்பையை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றி மேஜையைத் தொடும் அளவுக்குக் குனிந்தான். மூடிய இமைகளுக்கு அடியில் ஈரம் கசிந்தது. அந்த ஈரம் கையில் பட்டுவிடாதபடி ஆர்லீன் பிடரி மயிரை வகிர்ந்து வகிர்ந்து தடவினாள்.

"போதும்னு சொல்லிராதே" என்றான் டாரல்.