போர்டில் ஒரே ஒரு பேர்

இரண்டாம் வகுப்பு பி பிரிவில் ஐம்பத்து நாலு பிள்ளைகள். அதில் ஐம்பத்து மூன்று பேர் போடும் சத்தத்துக்கு சோனியா ஒருத்தி ஈடு கொடுப்பாள். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திரும்பி, மராத்தியில் முடிப்பாள். பள்ளிக்கூடம் இருக்கிற போபோடி வழியாக ஓடுகிற லோக்கல் ரயில்கூட நடுவில் கொஞ்சம் மூச்சு விடும், இவள் விடமாட்டாள்.

நீலா டீச்சருக்கு அவள்மேல் கோபம் வந்தாலும் நிற்காது. சூப்பர்வைசர் சுஷ்மா மேடத்துக்கு வந்தால் போகாது. "வெள்ளிக்கிழமை உங்கள் கிளாஸில் வந்து உட்காருவேன். அன்றைக்கும் இந்தப் பெண் அடங்கவில்லையென்றால் டி.சி.தான்" என்று சொல்லிவிட்டார். பள்ளி அனுப்பியதாக இருக்காதாம், அப்பாவே கேட்டு வாங்கியதாக எழுதிக்கொள்வார்களாம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! ஏற்கெனவே ஒரு பள்ளி சோனியாவைக் கைகழுவியிருந்தது. நடுவருஷத்தில் இனி யார் சேர்ப்பார்கள்?

நீலாவுக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை சோனியாவையே மானிட்டர் ஆக்கினாள். கையில் சாக்பீஸ் இருந்தால் பேச நேரம் ஏது?

"யாரு பேசினாலும் போர்டுல பேர் எழுதணும். திரும்பப் பேசினா பக்கத்துல ஒரு இன்டு மார்க். வேண்டியவங்கன்னு யாரையும் விடக்கூடாது, சரியா?"

"இர்பானையுமா மிஸ்? அவன் மேரா தோஸ்த்."

"தோஸ்தையும்தான்."

அன்றைக்கே இர்பானுக்கு ஏழு இன்டு. புதன்கிழமைக்குள் வகுப்பு கப்சிப். நீலாவுக்கே நம்ப முடியவில்லை. வியாழன் மாலை நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தபோது சோனியா மேஜையருகே வந்து நின்றாள்.

"யாரு பேசினாலும்னா... எல்லாருமா மிஸ்?"

"எல்லாரும்தான், போ" என்றாள் நீலா, தலையைத் தூக்காமலே. அந்த ஒரு நிமிஷம் தலையைத் தூக்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சுஷ்மா மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நீலா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, தீக்குச்சிகளை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. எங்காவது பெஞ்சோ தீக்குச்சியோ லேசாகச் சலசலத்தால் முன்னால் நின்ற சோனியா இந்தியில் "சுப்!" என்று அதட்டுவாள், உடனே அடங்கிவிடும். பிறகு சாக்பீஸ் கீச்சிடும். தப்பித்தோம் என்று நீலாவுக்கு உள்ளே ஒரே சந்தோஷம்.

மணி அடித்ததும் போர்டுப் பக்கம் திரும்பினாள். போர்டின் மூலையில் ஒரே ஒரு பேர் இருந்தது. கோணல்மாணலாக, சோனியா. பக்கத்தில் பதினோரு இன்டு.

"வேற யாரும் பேசல மிஸ். நான்தான் சுப் சுப்னு சொன்னேன்" என்றாள் சோனியா, பெருமையாக.

சுஷ்மா மேடம் மொபைலில் போர்டைப் படம் எடுத்துக்கொண்டார். "பிள்ளையே எழுதிக் கொடுத்துவிட்டாள். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?"

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் மேடம். மற்றவர்களை அடக்கத்தான் அவள் பேசினாள்" என்று நீலா இங்கிலீஷில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், கடைசியில் கெஞ்சினாள். மேடம் மறுபடியும் படத்தைத்தான் காட்டினார்.

மத்தியானம் அப்பா ஆண்டனி ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்தார். ஆபீஸில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துப்போக வகுப்பு வாசலுக்கு வந்தவர், "வீட்ல நாங்க யாரும் தனியா சொல்லித் தரல டீச்சர். ஆனாலும் பொய் சொல்ல மட்டும் அவளுக்கு வராது" என்றார்.

"ஏன்ப்பா இவ்ளோ ஜல்தி வந்துட்டே?" என்று உள்ளேயிருந்து சோனியா கத்தினாள்.

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். போர்டுக்கு ஓடி, எட்டி, பன்னிரண்டாவது இன்டுவைப் போட்டாள். பிறகு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, சரிதானே என்பதுபோல் நீலாவைப் பார்த்தாள்.

நீலா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள், பாவி.