அவளுக்கு வேண்டாமாம்

குரல் வந்துடுச்சு. அதனால நானே சொல்றேன். நடுவுல யாரும் பேசக் கூடாது, முக்கியமா என் வீட்டுக்காரர்.

அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனா என்கிட்ட யாராவது ஒரு கேள்வி கேட்டா, முந்திரிக்கொட்டை மாதிரி பதில் அவர் வாயிலேர்ந்துதான் வரும். டாக்டர் "எங்கம்மா வலி?"ன்னு கேட்டா, "அவளுக்கு இடது பக்கம்"னு இவர் சொல்வார். ஹோட்டல்ல "அவளுக்கு டீ." ஜவுளிக் கடையில "அவளுக்குப் பச்சை பிடிக்காது." பச்சை எனக்கு உயிர். கல்யாணமான புதுசுல, அடடா, என்ன கவனிப்புன்னு நானும் பூரிச்சுப் போனவதான். மகளைப் பெத்து, அவளுக்கும் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வந்த பிறகும் இந்தக் கவனிப்பு நிக்கல.

அந்த மகளும் மாப்பிள்ளையும்தான் எங்க கல்யாண நாளுக்காக இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு பண்ணினாங்க. சின்னக் கப்பல். மொத்தப் பயணிகளையும் ஒரே பஸ்ல ஏத்திடலாம். ஆனா ராஜ உபசாரம். கட்டில்ல படுத்தா ஜன்னல் முழுக்கக் கடல், குளியலறைத் தரைகூட வெதுவெதுன்னு இருக்கும். மனுஷ வாசனையே இல்லாத குளிர்த் தீவுகளா பாத்துப் போகும். பாறை, காத்து, பறவை, அவ்வளவுதான். கப்பல் தள்ளி நிக்கும், ரப்பர் படகுல நம்மளைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பக் கூட்டிட்டு வருவாங்க.

படகுக்கு இறங்கற வாசல்ல ஒரு பலகை. அதுல ஆளுக்கு ஒரு வட்ட வில்லை, நம்பர் போட்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. இறங்கும்போது சிவப்புப் பக்கம் தெரியற மாதிரி திருப்பணும், ஏறினதும் வெள்ளைப் பக்கம். எல்லாம் வெள்ளையானாதான் கப்பல் கிளம்பும். அவங்கவங்க வில்லையை அவங்கவங்கதான் தொடணும், பெத்த பிள்ளைக்காகக்கூட திருப்பக் கூடாதுன்னு முதல் நாளே கப்டன் சொன்னார். கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி தலையாட்டினது என் வீட்டுக்காரர்தான்.

அப்புறம் ஒவ்வொரு தீவுலயும் ரெண்டையும் அவரே திருப்பினார். வலது கையால அவருது, இடது கையால என்னுது. நான் கையை நீட்டறதுக்குள்ள முடிஞ்சுடும். வாசல்ல நின்ன மாலுமி ஒரு தடவை ஏதோ சொல்ல வந்தார். "அவளுக்கு இதெல்லாம் மறந்துடும்"னு இவர் சிரிச்சார், அந்த மாலுமியும் சிரிச்சுட்டார்.

அன்னிக்கு ஒரு மொட்டைத் தீவு. கரையில இறங்கினதும் எங்க வழிகாட்டி, ஒரு பறவைக் கூட்டைக் காட்டி, "குஞ்சு தெரியுதாம்மா?"ன்னு என்னைக் கேட்டார். நான் அதைத்தான் அவ்வளவு நேரமும் கண் கொட்டாம பாத்துட்டு இருந்தேன். சாம்பல் நிறத்துல, தாய்க்கு அடியில ஒண்டிக்கிட்டு. "அவளுக்குப் பறவையில எல்லாம் இஷ்டமில்ல"ன்னார் இவர்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. எல்லார் முன்னாடியும், "நான் முதல் படகுலயே போறேன், நீங்க என் பின்னாடி வராதீங்க"ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். ஆனா படகுக்குப் போகல. ஒரு பெரிய பாறைக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தேன். அங்கயும் கூடுகள் இருந்துச்சு. பொய் சொல்வானேன், சந்தோஷமா இருந்தேன். எனக்காகப் பேச அங்க யாரும் இல்ல.

எழுந்திருக்கும்போது கல்லிடுக்குல கால் மாட்டி முறுக்கிக்கிச்சு. அசைக்க முடியல. கத்தினேன். காத்து என் சத்தத்தை வாயிலேர்ந்தே பிடுங்கிட்டுப் போச்சு. பூட்ஸை இடுக்குலயே விட்டுட்டுக் காலை உருவி, தவழ்ந்து பாறை மேல வந்து பாத்தா, கடைசிப் படகு கப்பல்கிட்ட போயிடுச்சு. கையை ஆட்டறேன், கத்தறேன். படகைத் தூக்கிக் கட்டினாங்க. கப்பல் மெதுவா முதுகைக் காட்டிச்சு.

அங்க என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடைசிப் படகுல வழிகாட்டியும் படகு ஓட்டறவரும் மட்டும்தான். கரையை விடறதுக்கு முன்னாடி வழிகாட்டி வாக்கி டாக்கியில, பயணிகள் எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டிருக்கார். பலகையைப் பாத்துட்டு, எல்லாம் வெள்ளைன்னு சொல்லியிருக்காங்க. முந்தின படகுல ஏறின என் வீட்டுக்காரர் ரெண்டு வில்லையையும் திருப்பியிருந்தார், வழக்கம் போல. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அறையில கதவைச் சாத்திட்டு இருப்பேன்னு நெனச்சு, அந்தப் பக்கமே எட்டிப் பாக்காம சீட்டாடப் போயிட்டார். சாப்பாட்டு மேஜையில பரிமாறறவர் "அம்மா வரலையா?"ன்னு கேட்டிருக்கார்.

"தலைவலி. அவளுக்கு வேண்டாமாம்"னு சொல்லியிருக்கார்.

நான் அப்போ மழையில நனைஞ்சுக்கிட்டிருந்தேன். பச்சைத் தண்ணி பல்லுல படல.

படுக்க வந்தப்பதான் கட்டில் காலியா இருக்கறதைப் பாத்து அலறியிருக்கார். அதுக்குள்ள கப்பல் எங்கேயோ போயிடுச்சு. திரும்பி வந்தும், அலையில படகை இறக்க முடியாம விடியற வரைக்கும் தூரத்துல நின்னாங்களாம்.

அந்த ராத்திரியைப் பத்திக் கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இப்படியே செத்துப் போனா, சாவுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் இந்த மனுஷன் "அவ கஷ்டப்படாம போயிட்டா"ன்னு சொல்வாரேன்னு நெனச்சேன். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. அந்த எரிச்சல்லதான் கண்ணை மூடாம கிடந்தேன், கத்திக்கிட்டே.

விடிஞ்சதும் தூக்கிட்டு வந்தாங்க. கப்பல் டாக்டர், குளிர்ல விறைச்சுப் போன ரெண்டு கையிலயும் தலையணை மாதிரி கட்டுப் போட்டாங்க. பூட்ஸ் போன கால்ல ரெண்டு விரல் கறுத்துப் போச்சு, ஊருக்குப் போனதும் எடுக்கணும்னாங்க. தொண்டையில குரலே இல்ல. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வந்துச்சு, பேச முயற்சி பண்ணாதீங்கம்மான்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாங்க. இவர் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நிஜமான அழுகைதான். எனக்கும் மனசு இளகிச்சு. இதோட இந்த மனுஷன் திருந்திடுவார்னு நெனச்சேன்.

கப்டன் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தார். ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம், இன்னொருத்தருக்கு இந்த கதி வரக் கூடாது, அதனால கேக்கறேன்னு சொல்லிட்டு, நேரா என் முகத்தைப் பாத்தார்.

"உங்க வில்லையை யாரும்மா திருப்பினது?"

நான் இவரைப் பாத்தேன். இவர் தரையைப் பாத்தார்.

"அவ காலையில இறங்கும்போது சிவப்பைத் திருப்பியிருக்கவே மாட்டா, சார். வெள்ளையாவே இருந்திருக்கும். அவளுக்கு மறதி ஜாஸ்தி"ன்னார்.

பொய். காலையில ரெண்டையும் சிவப்பாக்கினதும் இவர் கைதான், வெள்ளையாக்கினதும் இவர் கைதான். பயத்துல சொன்னாரோ, பழக்கத்துல சொன்னாரோ, பாவி மனுஷன், பழியை என் தலையில கட்டிட்டார்.

கப்டன் என்கிட்ட, "அப்படியாம்மா?"ன்னார். இல்லன்னு தலையை ஆட்டினேன், கழுத்து வலிக்க வலிக்க ஆட்டினேன். "ஞாபகம் இல்லையாம்"னார் இவர்.

சரி, இருடான்னு, கட்டுப் போட்ட கையை மெத்தையிலேர்ந்து தூக்கினேன். மலையைத் தூக்கற மாதிரி இருந்துச்சு. தூக்கி, இவர் நெஞ்சுக்கு நேரா நீட்டினேன். கையை இறக்கல. கப்டனையே பாத்தேன், புரிஞ்சுக்கோய்யான்னு.

கப்டனுக்குக் கண் கலங்கிடுச்சு. "உங்களைத்தான் சார் தேடறாங்க. பக்கத்துல உட்காருங்க, நான் அப்புறம் வரேன்"னு இவர் தோள்ல தட்டிட்டு, சத்தம் வராம கதவைச் சாத்திட்டுப் போயிட்டார்.

இவர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். நீட்டின என் கையைப் பிடிச்சு, மெதுவா கீழ இறக்கி, போர்வைக்குள்ள வச்சு ஓரத்தைச் செருகினார்.

"அவளுக்குக் குளிருது"ன்னார். அந்த அறையில எங்களைத் தவிர யாருமே இல்ல.